ஸ்டோர்காரர் சொன்ன ‘இல்லை’

அந்த பிளாஸ்டிக் நாற்காலிக் கம்பெனியில் உட்கார்ந்தே சம்பளம் வாங்குகிறவர் ஒருவர்தான். முதலாளி என்று நினைத்தால் தப்பு. செக்கிங் அக்கா. அச்சிலிருந்து வந்து ஆறின நாற்காலிகளில் இங்கொன்றும் அங்கொன்றுமாக இழுத்துப் போட்டு உட்காருவார், பின்னால் சாய்வார், இடுப்பை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்ப்பார். கால் ஆடினால் நாற்காலி ஓரங்கட்டப்படும். கணவர் தவறின பிறகு மகளைப் படிக்க வைத்து ஆளாக்கினதெல்லாம் இப்படி உட்கார்ந்து உட்கார்ந்துதான்.

ஸ்டோரைப் பார்த்துக்கொள்கிறவருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. பட்டப்பெயர் பூட்டு. ஸ்டோர் கதவில் தொங்குகிறதே, அதனால் வந்த பெயர் இல்லை. அவர் வாயில் தொங்குவதால் வந்தது. உருக்கி வார்க்கிற பிளாஸ்டிக் குருணை மூட்டை எந்தக் கலரில் கேட்டாலும் எடுத்துக் கொடுப்பார், கேட்ட கேள்விக்குத்தான் பதில் வராது. முதலில் தங்கைக்குக் கல்யாணம் முடியட்டும், அப்புறம் இவனுக்குப் பார்க்கலாம் என்றார்கள் வீட்டில். தங்கைக்கு முடிந்தது. அப்புறம் பார்க்கிற விஷயம் யாருக்கும் ஞாபகம் வரவில்லை, ஞாபகப்படுத்தவும் அவருக்கு வாய் வரவில்லை. தங்கை வீட்டு முன்னறையில் ஃபிரிட்ஜுக்கும் தையல் மெஷினுக்கும் நடுவில் அவர் கட்டில். வீட்டில் யாருக்குத் தாகம் எடுத்தாலும் ஃபிரிட்ஜ் வெளிச்சம் அவர் மூஞ்சியில்தான் அடிக்கும்.

இப்படிப்பட்ட மனிதருக்கு ஒரு நாளில் சொந்தமாக இருந்தது மத்தியானம் மட்டும். ஸ்டோருக்குப் பின்னால் கால் ஆடுகிற இரண்டு நாற்காலிகளைப் போட்டு, அக்காவும் அவரும் டப்பாவைத் திறப்பார்கள். அவித்த முட்டை இருந்தால் அக்காவுக்கு மஞ்சள், அவருக்கு வெள்ளை. பேசி முடிவெடுத்ததில்லை, கை தானாகப் பிரித்தது. அக்கா பேசுவார்: மகளின் புது வேலை, வீட்டுக் குழாயில் தண்ணீர் வராதது, எந்த மெஷின் மக்கர் பண்ணுகிறது. அவர் தலையாட்டுவார். ஏழெட்டு வருஷமாக இதேதான். விரல் பட்டதில்லை. போன் நம்பர்கூட வாங்கிக்கொண்டதில்லை. நாளைக்கு எப்படியும் மத்தியானம் வரப்போகிறது, அதற்கு எதற்கு நம்பர்?

ஒன்றே ஒன்று உண்டு. கம்பெனி மொத்தமும் அவரை ‘அண்ணே’ என்றது. வாட்ச்மேன், அவரைவிட மூத்தவர், அவரே அண்ணே என்றார். அக்கா மட்டும் சொன்னதே இல்லை. ‘இந்தாங்க’, ‘கேட்டீங்களா’, அதோடு சரி. அவரும் அப்படியே. வேலை செய்கிற பெண்கள் எல்லாரும் அவருக்குத் தங்கச்சி. செக்கிங் அக்காவைக் கூப்பிட வேண்டுமென்றால் மட்டும் தொண்டையைக் கனைப்பார். கண் இருக்கிறவனுக்கு இதற்கு மேல் பத்திரிகையா அடித்துக் கொடுக்க வேண்டும்? எல்லாருக்கும் தெரியும். யாரும் கேட்கவில்லை. கேட்காமல் விடுவதுதான் அங்கே மரியாதை.

அப்புறம் கம்பெனி கை மாறியது. மாடியில் ஒரு கண்ணாடி அறை முளைத்தது, அதற்குள் ஓர் இளம்பெண் வந்து உட்கார்ந்தாள். ஆள் எடுப்பது, சண்டை தீர்ப்பது, விதி போடுவது எல்லாம் அவள் வேலை. அவள் காது படாமல் எல்லாரும் எச்.ஆர். பாப்பா என்றார்கள். நல்ல பெண், சிரித்த முகம். இனிமேல் சார் கிடையாது, அண்ணன் அக்கா கிடையாது, எல்லாரும் எல்லாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடலாம் என்றாள். இளசுகள் குஷியாகிவிட்டன. பழைய ஆட்கள் பெயர் சொல்ல வாய் வராமல், அண்ணே சொல்லவும் பயந்து, கொஞ்ச நாள் கைதட்டிக் கூப்பிட்டுக்கொண்டு திரிந்தார்கள்.

இரண்டாவது விதி பெரியது. ஒரே இடத்தில் வேலை செய்கிற இரண்டு பேருக்குள் ஏதாவது இருந்தால் வந்து சொல்லிவிட வேண்டும். இருப்பது தப்பில்லை, மறைப்பதுதான் தப்பு. விதியைக் குறை சொல்லவும் முடியாது. முன்பு ஒரு மேஸ்திரி பேக்கிங் பெண்களிடம் வாலாட்டினபோது, கேட்க நாதியில்லாமல் இரண்டு பேர் வேலையை விட்டுவிட்டுப் போனார்கள். இப்போது கேட்க ஆள் இருந்தது. பேக்கிங்கில் டேப் ஒட்டுகிற இளைஞனும் ஸ்டிக்கர் ஒட்டுகிற பெண்ணும் மறுநாளே மாடிக்குப் போய் “நாங்க கப்புள்” என்று சொல்லிவிட்டு, டீ ஆறுவதற்குள் இறங்கி வந்தார்கள். கேக் வெட்டினார்கள். சில மாசத்தில் பிரிந்துவிட்டோம் என்றும் போய்ச் சொன்னார்கள். கேக் மீதி இருந்திருந்தால் அதற்கும் வெட்டியிருப்பார்கள்.

ஸ்டோருக்குப் பின்னால் இரண்டு பேர் தனியாகச் சாப்பிடுகிற விஷயம் மாடிக்கு எட்டாமல் இருக்குமா? ஒரு காலையில் பூட்டைக் கூப்பிட்டார்கள்.

“உங்களுக்கும் அவங்களுக்கும் நடுவுல ஏதாவது இருக்கா?” என்று பாப்பா கேட்டாள். குரலில் அதட்டலே இல்லை.

“இல்ல மேடம்.”

“மேடம் வேண்டாம். நிதானமா யோசிச்சுச் சொல்லுங்க.”

“யோசிக்கவே வேண்டாம் மேடம். அவங்க அப்படிப்பட்டவங்க இல்ல.”

வாழ்நாளில் அவர் இவ்வளவு சுருக்காகப் பதில் சொன்னதில்லை. ஒரு பெண்ணின் பெயரோடு தன் பெயர் சேர்ந்து அடிபட்டால், மானமுள்ளவன் செய்ய வேண்டியது ஒன்றுதான்: அப்படி எதுவும் கிடையாது என்று அடித்துச் சொல்வது. யாரும் உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்ததில்லை, தாய்ப்பாலோடு இறங்கினது. படியிறங்கும்போது நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்துகூட இருந்தது. அக்காவின் பெயரைக் காப்பாற்றியாயிற்று. மத்தியானம் முட்டையைப் பிரித்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

அக்கா வரவில்லை. வந்தது மாடியிலிருந்து மறுபடி ஆள்.

இந்தத் தடவை பாப்பா கண்ணாடிக்குத் திரை போட்டிருந்தாள். தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். செக்கிங் அக்காவையும் அதே கேள்வியைக் கேட்டதாகவும், அவர் ‘ஆமா’ என்றதாகவும் சொன்னாள். விதி வந்ததிலிருந்தே மகள்தான் அம்மாவுக்குத் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தாளாம்: இருந்தா இருக்குன்னு சொல்லிடும்மா, எனக்குச் சந்தோஷம்தான் என்று.

பூட்டுக்குக் காது அடைத்துக்கொண்டது. அந்த ‘ஆமா’ உள்ளே இறங்கி இனிப்பதற்கு முன்னாலேயே பாப்பா அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள்.

“அவங்க ஆமாங்குறாங்க, நீங்க இல்லங்குறீங்க. அவங்களால உங்களுக்கு ஏதாவது தொந்தரவு இருக்கா?”

“ஐயோ, தொந்தரவெல்லாம் இல்ல மேடம். ஆமான்னே வெச்சுக்குங்க.”

“காலையில இல்லன்னீங்க. அதுக்குள்ள யாராவது வந்து மாத்திச் சொல்லச் சொன்னாங்களா?”

“யாரும் சொல்லல.”

“பயப்படாதீங்க. நாங்க இருக்கோம்.”

அவருக்கு வியர்த்தது. ஏதாவது சாட்சி சொல்ல வேண்டுமே என்று தேடினார். ஏழெட்டு வருஷத்தைத் துழாவினதில் ஒன்றுதான் கையில் சிக்கியது.

“மேடம், அவங்க என்னை அண்ணன்னு கூப்பிட்டதே இல்ல.”

பாப்பா புரியாமல் பார்த்தாள். “அதைத்தானே நாங்க எல்லாரையும் கேட்டுக்கிட்டோம். அந்த விஷயத்துல அவங்க சரியாத்தான் நடந்திருக்காங்க.”

எப்போதோ பேசியிருக்க வேண்டிய ஆயிரம் வார்த்தையும் தொண்டையில் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்க, அவர் தண்ணீரைக் குடித்தார். பாப்பாவின் கண் கலங்கியிருந்தது. பேச முடியாமல் தவிக்கிறவர்களை எப்படி அடையாளம் காண்பது என்று அவளுக்குப் பாடமே நடத்தியிருப்பார்கள் போல. அந்தப் பாடத்தில் சொன்ன அத்தனை அறிகுறியும் எதிரே வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

மறுநாளிலிருந்து அக்காவுக்கு அடுத்த கேட்டில் இருக்கிற புது ஷெட்டில் வேலை. சாப்பாட்டு நேரமும் மாற்றியாயிற்று. விசாரணை முடிகிறவரை இருவரும் பேசிக்கொள்ளக் கூடாது. பிறர் மனதைப் புரிந்து நடப்பது எப்படி என்று அக்காவை ஒரு வகுப்புக்கு வேறு அனுப்பினார்கள். மகள் வயசுப் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்து, தனக்கு இல்லை என்று ஆகிவிட்ட ஓர் ஆளைத் தொந்தரவு செய்யாமல் இருப்பது எப்படி என்று அக்கா கேட்டுக்கொண்டார்.

வெளியே தெரியாது என்றார்கள். சாயங்காலத்துக்குள் குருணை மூட்டைக்குக்கூடத் தெரிந்துவிட்டது. கேலி செய்திருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார், பழக்கம்தான். ஆனால் எல்லாரும் அன்பாக இருந்தார்கள். இதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. டேப் ஒட்டுகிற இளைஞன் ஸ்டோருக்கே வந்து கையைப் பிடித்துக்கொண்டான்.

“ஆம்பளைங்களுக்கும் நடக்கும்ணே. வெளிய சொன்னீங்க பாருங்க, அதுக்கே தில்லு வேணும்.”

“அப்படி இல்லடா தம்பி,” என்றார்.

“அப்படித்தான் தோணும். உங்க மேல எந்தத் தப்பும் இல்ல.”

மத்தியானத்தில் அவர் தனியாகச் சாப்பிடக் கூடாது என்று முறை வைத்துக்கொண்டு யாராவது வந்து எதிரே உட்கார்ந்தார்கள். தங்கையிடம் சொல்லிப் பார்த்தார். அவள் தையல் மெஷினை நிறுத்தாமலே கேட்டுவிட்டு, “இந்த வயசுல உனக்கு இதெல்லாம் தேவையாண்ணா? நல்லவேளை, இல்லன்னு சொன்னியே,” என்றாள். மாடியும் வீடும் வேறெதிலும் ஒத்துப்போயிருக்காது. அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தை மட்டும் இரண்டு இடத்துக்கும் பிடித்துவிட்டது.

அந்த வாரக் கடைசியில், வேலை விட்டதும் அடுத்த கேட்டுக்கு எதிரே இருக்கிற பஸ் ஸ்டாப்பில் போய் நின்றார். அக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார். கொஞ்சம் இளைத்திருந்த மாதிரி இருந்தது. இவரைப் பார்த்ததும் நடை தயங்கியது, நிற்கவில்லை. பக்கத்தில் வந்து, பஸ் வருகிற திசையைப் பார்த்தபடியே பேசினார்.

“மாடியில நீங்க இல்லன்னு சொன்னதுல எனக்குக் கோவமில்ல. ஏன் சொல்லியிருப்பீங்கன்னும் தெரியும். ஆனா என் பொண்ணு கேக்குறா, நீயா கற்பனை பண்ணிக்கிட்டியாம்மான்னு. நான் அவளுக்கு என்ன சொல்ல?”

பூட்டு வாயைத் திறந்தார். நம்ப மாட்டீர்கள், திறந்தார்.

“இருக்கு,” என்றார். “எப்பவும் இருந்துச்சு.”

அக்கா அப்போதுதான் அவர் பக்கம் திரும்பினார். முகம் ஒரு நொடி வேறு மாதிரி ஆனது. அடுத்து என்ன சொல்லியிருப்பாரோ, அதற்குள் பூட்டின் தோளில் ஒரு கை விழுந்தது. டேப் ஒட்டுகிறவன். அவனோடு ஸ்டிக்கர் பெண், இன்னும் இரண்டு பேர். ரோட்டைக் குறுக்கே ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது அவர்களுக்கு.

“அக்கா, வேண்டாம்க்கா,” என்றான் அவன், ரொம்ப மரியாதையாக. “அவரை விட்டுடுங்க. உங்க வேலைக்கே பிரச்சனையாயிடும். இதை நாங்க பாக்கலன்னு வெச்சுக்குறோம்.”

“தம்பி, நான்தான்டா வந்தேன்,” என்றார் பூட்டு.

“தெரியும்ணே, தெரியும்ணே. அப்படித்தான் சொல்லத் தோணும்.”

ஸ்டாப்பில் நின்றவர்கள் எல்லாரும் அக்காவைப் பார்த்தார்கள். அக்கா யாரையும் பார்க்கவில்லை. பஸ் வந்தது. பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முதல் ஆளாக ஏறி, அந்தப் பக்கத்து ஜன்னலோரம் போய் உட்கார்ந்துவிட்டார். ரோட்டோரத்திலிருந்து பார்த்தால் முகம் தெரியாத பக்கம்.

பூட்டு ஓரடி எடுத்து வைத்தார். தோளில் இருந்த கை மெதுவாக, குழந்தையைப் பிடிப்பது போலப் பிடித்துக்கொண்டது. முரட்டுக் கையாக இருந்திருந்தால் தட்டிவிட்டிருப்பார். நல்ல பையன். நல்ல மனசோடு பிடித்திருந்தான்.

“வாங்கண்ணே, ஒரு டீ சாப்பிடலாம்,” என்றான்.

போனார்.