பங்கேற்பாளர் எண் ஒன்று

பாடாங் செராய் வட்டாரத்தில் சமாதானத்தை முறைப்படி பாடமாகப் படித்தவர் என்று ஒருவரைத்தான் சொல்ல முடியும். பெயர் புஷ்பவள்ளி. வயது நாற்பத்து மூன்று. குருணில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் பதினேழு ஆண்டுகளாக அலுவலக எழுத்து வேலை பார்க்கும் கெராணி. தொழிலாளர்கள் அடித்துக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தால், எவருக்கு எந்தப் பாரத்தை நிரப்பச் சொல்லி நீட்ட வேண்டும் என்பது அவருக்கு அத்துப்படி. இந்தத் தகுதியை நம்பித்தான் அமைதி, மோதல் ஆய்வுத் துறையில் முதுகலைக்கு விண்ணப்பித்தார். வேறு துறைகளில் சனிக்கிழமை வகுப்பு இல்லை என்பதும் ஒரு காரணம். உலக அமைதிக்காக எடுக்கப்பட்ட முடிவுகள் பலவற்றுக்கும் இதைவிடப் பெரிய காரணம் இருந்ததாகத் தெரியவில்லை.

பகுதிநேர மாணவருக்கு எட்டு பருவம். அதற்குமேல் ஒரு நாள் கிடையாது. ஆய்வேடு வராவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள். பட்டம் வந்தால் மனிதவள அதிகாரி நாற்காலி. வராவிட்டால் ஓய்வு பெறும்வரை அதே கெராணி மேசை, அதே பாரக்கட்டு. மேலாளர் இதை அவரிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

மூன்றாம் பருவத்தில் மேற்பார்வையாளர் டாக்டர் நோர்ஹயாத்தி, “உங்கள் ஊர்ப்பக்கம் தீராத மோதல் ஏதாவது உண்டா?” என்று கேட்டார். புஷ்பவள்ளி யோசிக்கவே இல்லை.

பாடாங் செராய்க்கு வெளியே ஒரு தோட்டம். இப்போது பாதி செம்பனை, பாதி தாமான் வீடுகள். அங்குள்ள மாரியம்மன் கோயிலுக்கு நிர்வாகம் இரண்டு. பதினொரு ஆண்டுக்கு முன் திருவிழாவில் பூசாரி முதல் மாலையை கங்காணி வேலை பார்த்து ஓய்வுபெற்ற மண்டோர் பரஞ்சோதியின் கழுத்தில் போட்டார். இரண்டாவது மாலையோடு டவுன் மளிகைக் கடைக்காரர் குழந்தைவேலுவிடம் போனார். குழந்தைவேலு கழுத்தைக் கொடுக்கவில்லை. அன்றிலிருந்து கோயில் இரும்புக் கதவுக்கு இரண்டு பூட்டு, சாவி ஆளுக்கொன்று. இருவரும் சேர்ந்து வரமாட்டார்கள் என்பதால் இருவருடைய மருமகன்களும் தினம் வந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், அம்மனை விடுதலை செய்வார்கள். கோயில் வாட்ஸ்அப் குழு மட்டும் இன்னும் ஒன்றுதான். முதலில் விலகுகிறவர் தோற்றவராகிவிடுவார் என்பதால் இரு தரப்பும் அதில் வாய் திறக்காமல் குடியிருந்தன.

இதைத்தான் புஷ்பவள்ளி ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். முதல் மரியாதை பற்றி மட்டும் நாற்பத்தாறு பக்கம் எழுதினார். யார் முன்னால், யார் பின்னால் என்பது ஒரு சமூகத்தில் ஏன் உயிர்ப் பிரச்சினை ஆகிறது என்று அட்டவணை போட்டு விளக்கினார். டாக்டர் நோர்ஹயாத்தி ஓரத்தில் ‘மிக நுட்பம்’ என்று எழுதினார். புஷ்பவள்ளியின் கணவர் சுகுமாரன், லாரி ஓட்டுநர், அந்தப் பக்கத்தைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி வைத்தார்.

பேட்டி கொடுப்பவர்களின் பெயரைப் போடக்கூடாது, எண்தான் போட வேண்டும் என்பது பல்கலைக்கழக விதி. முதல் பேட்டி பரஞ்சோதியிடம். அன்று மழை, அவர் வீடு சாலையோரம், வேறு காரணமில்லை. அவர் பங்கேற்பாளர் 1. குழந்தைவேலு அப்போது பெண்டாங்கில் மகள் வீட்டில் இருந்தார். அவர் திரும்பி வந்து உட்கார்ந்தபோது எண் ஏழு ஆகியிருந்தது. நாற்பத்தாறு பக்கம் எழுதிய பெண்மணிக்கு இதில் எதுவும் தோன்றவில்லை.

ஒப்புதல் பாரத்தை அவரே வாசித்துக் காட்டினார். “இந்த ஆய்விலிருந்து எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம். காரணம் சொல்லத் தேவையில்லை.”

“காரணமே சொல்ல வேணாமா?” என்றார் குழந்தைவேலு.

“வேணாம்ணே. நீங்க வேணாம்னு எழுதிக் கொடுத்தா, பேசுனது எல்லாத்தையும் நான் அழிச்சிடணும்.”

“நல்ல போராங்லா இது. இன்னொரு வாட்டி படி.”

படித்தார். அவர் ரசித்துக் கேட்டு, கையெழுத்துப் போட்டார்.

எட்டாம் பருவம் ஜூலை முப்பத்தொன்றில் முடிகிறது. பேட்டிகளை எழுத்தாக்கி, கொடுத்தவர்களிடமே காட்டிச் சரிபார்ப்பதுதான் கடைசி வேலை. ஜூலை மூன்றாம் தேதி புஷ்பவள்ளி குழந்தைவேலுவின் கடைக்குத் தாள்களோடு போனார். வெங்காய மூட்டைக்கும் தராசுக்கும் நடுவில் நின்று அவர் முதல் பக்கத்தைப் பார்த்தார். அதற்குமேல் புரட்டவில்லை.

“ஏழுன்னு போட்ருக்கே. யாரு ஏழு?”

“நீங்கதாண்ணே. அது சும்மா நம்பர்.”

“அப்ப ஒன்னு யாரு?”

“சொல்லக்கூடாதுண்ணே. ரகசியம்.”

“மண்டோரா?”

புஷ்பவள்ளி பேசாமல் நின்றார். அறிவியல் நேர்மைக்காகக் காத்த மௌனம் அது. கடையில் இருந்த அத்தனை பேருக்கும் பதில் கிடைத்துவிட்டது.

“கோயில்லதான் என்னை ரெண்டாவதா வெச்சான். யூனிவர்சிட்டில ஏழாவதா? நடுவுல இருக்கற அஞ்சு பேரு யாருமா, என்னைவிடப் பெரிய ஆளுங்க?”

ஒருத்தி பூ கட்டுபவள், ஒருவர் பந்தல்காரர். இதையும் சொல்லக்கூடாது. நல்லவேளை.

அடுத்த பத்து நாளில் புஷ்பவள்ளி செய்த முயற்சிகள் சமாதான வரலாற்றில் இடம்பெற வேண்டியவை. எண்ணை நீக்கி எழுத்து வைத்தார். குழந்தைவேலு ‘அ’, பரஞ்சோதி ‘ஆ’. செய்தி எப்படியோ போய், பரஞ்சோதி கூப்பிட்டு, “பதினொரு வருசமா நான் முன்னால இருக்கேன், நீ என்னைப் பின்னால தள்றியா?” என்றார். பூப்பெயர் வைத்தார், மண்டோருக்குச் செம்பருத்தி. “நாப்பது வருசம் ஆள் வேலை வாங்குனவன்மா நான். என்னையப் போயி செம்பருத்தின்றே” என்று அவர் சொன்னபோது குரல் உடைந்திருந்தது. இருவரும் கையெழுத்துப் போட மறுத்தார்கள். இருவருடைய பேச்சும் இல்லாமல் ஆய்வேட்டில் மிஞ்சுவது பந்தல்காரர்தான்.

மதிய உணவு நேரத்தில் புஷ்பவள்ளி தொழிற்சாலைக் கார் நிறுத்துமிடத்தில், கண்ணாடியை ஏற்றிவிட்டு அழுவதை வழக்கமாக்கிக்கொண்டார். சோறு இறங்கவில்லை. “எட்டு செமஸ்டர் படிச்சிட்டு ஒரு நம்பர்ல மாட்டிக்கிட்டியே,” என்றார் சுகுமாரன். அவர் ஆறுதலாகத்தான் சொன்னார்.

பதினேழாம் தேதி புஷ்பவள்ளி அந்தக் காரியத்தைச் செய்தார். அச்சு எந்திரத்தின் முன் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு பரஞ்சோதிக்கு ஒரு பிரதி எடுத்தார். அதில் பரஞ்சோதி பங்கேற்பாளர் 1. குழந்தைவேலுவுக்கு ஒரு பிரதி. அதில் குழந்தைவேலு பங்கேற்பாளர் 1. இரண்டாம் பருவத்தில் ‘ஆய்வு மோசடி’ என்ற பாடத்தில் அவர் வாங்கியது தொண்ணூற்றிரண்டு மதிப்பெண்.

இருவரும் முகம் மலர்ந்து கையெழுத்துப் போட்டார்கள். புஷ்பவள்ளி அன்று வயிறாரச் சாப்பிட்டார்.

முகமலர்ச்சியை அடக்க முடியாதவர் முதலில் பரஞ்சோதிதான். மறுநாள் காலை தன் முதல் பக்கத்தைப் படம் பிடித்து, பதினொரு ஆண்டாக மௌனம் காத்த வாட்ஸ்அப் குழுவில் போட்டார். கீழே ஒரு கைகூப்பு. கால்மணி நேரத்தில் குழந்தைவேலு தன் பக்கத்தைப் போட்டார். அவரும் ஒரு கைகூப்பு. இரண்டு படங்களையும் தோட்டமே உற்றுப் பார்த்தது. பிறகு பரஞ்சோதியின் கைப்பேசி அடித்தது. பதினொரு ஆண்டில் முதல் தடவையாக ஒருவர் குரலை ஒருவர் கேட்டார்கள்.

ஞாயிறு காலை பத்து மணிக்குப் புஷ்பவள்ளி வீட்டு வாசலில் குழந்தைவேலுவின் கடை வேன் வந்து நின்றது. முன்சீட்டில் இருவர். மடிக்கணினியின் முன் இருந்த புஷ்பவள்ளிக்கு அதைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. இன்னும் பத்து நாள் இருந்தது.

“ஒக்காருங்க மாமா. ஒக்காருங்கண்ணே.” நாற்காலிகளை அவரே இழுத்துப் போட்டார்.

“ஒன்மேல கோவம் இல்லமா,” என்றார் பரஞ்சோதி. “ஆனா எங்க ரெண்டு பேரையும் சின்னப் புள்ளைங்க மாதிரி ஏமாத்திட்ட. அது தப்பு. என்ன வேலு?”

“தப்புதான் மண்டோரே.” குழந்தைவேலு ஒரு கடிதத்தை மேசையில் வைத்தார். “யூனிவர்சிட்டிக்கு சுராட். நாங்க ரெண்டு பேரும் வெலகிக்கறோம். காரணம் எழுதல. வேணாம்னு நீதான் ரெண்டு வாட்டி படிச்சே.”

“அண்ணே, இன்னும் பத்து நாளுதாண்ணே இருக்கு. உங்க பேச்சு இல்லன்னா தேசிஸே இல்ல. என்னை எடுத்துருவாங்க. மாமா, உங்க கால்ல விழறேன்.”

விழவும் போனார். பரஞ்சோதி பதறித் தூக்கினார். இருவருக்குமே கண் கலங்கியது, இருவருமே நல்லவர்கள். கடிதத்தை எடுத்துக்கொள்ளத்தான் யாரும் முன்வரவில்லை.

“அதெல்லாம் சரிமா,” என்றார் குழந்தைவேலு மெதுவாக. “இப்ப ஒரு சிக்கல். யாரு மொதல்ல சைன் வைக்கறது?”

மேசையிலிருந்த பேனாவைப் பரஞ்சோதி எடுத்துக்கொண்டார்.

“வயசுக்கு நான்தான்,” என்றார் பரஞ்சோதி.

“சுராட் எழுதுனது நானு.”

“எழுதிக் குடுத்தா நீ பெரிய ஆளா?”

“பாத்தியா, அன்னிக்கும் இப்படித்தான். பூசாரிகிட்ட கண்ணைக் காட்டுனது யாரு?”

“நான் கண்ணைக் காட்டலலா! தூசி விழுந்துச்சு!”

புஷ்பவள்ளி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். வாழ்க்கையில் இப்படி ஒரு வெளிச்சம் அவருக்குக் கிடைத்ததில்லை. அவர் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தால் போதும். கடிதத்தில் கையெழுத்து விழாது. விழாத கடிதம் போகாது. ஆய்வேடு போகும். மோசடியைப் பற்றி யாரும் கேட்கப்போவதில்லை. பத்து நிமிடம் இவர்களைச் சண்டை போட விட்டால் எட்டு பருவம் பிழைத்துக்கொள்ளும். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். சமையலறை வாசலில் நின்ற சுகுமாரன், பேசாதே என்று விரலைக் காட்டினார்.

பரஞ்சோதி எழுந்தார். இடுப்பிலிருந்த கோயில் சாவியை எடுத்துக் காட்டி, “இது என் கையில இருக்கற வரைக்கும் நீ உள்ள வந்துருவியா பாக்கறேன்,” என்றார். குழந்தைவேலுவின் முகம் இருண்டது. அவர் கையும் பைக்குள் தன் சாவியைத் தேடிப் போயிற்று.

“ரெண்டா எழுதுங்க!” என்றார் புஷ்பவள்ளி.

சொன்னது தன் வாய்தானா என்று அவருக்கே சந்தேகம். படித்த படிப்பு உள்ளே எங்கேயோ போய்த் தங்கிவிட்டிருக்கிறது. வேண்டாத நேரம் பார்த்து வேலை செய்கிறது.

“என்னாமா?”

“சுராட் ரெண்டு காப்பி. ஒன்னுல மாமா மொதல்ல. இன்னொன்னுல அண்ணே மொதல்ல. ரெண்டையும் அனுப்புங்க.”

இருவரும் யோசித்தார்கள். இதே தந்திரத்தை அவர் ஒளித்துச் செய்தபோது அது குற்றம். வெளிச்சத்தில் செய்தபோது நியாயமாக இருந்தது. புஷ்பவள்ளியே தன் அச்சு எந்திரத்தில் இன்னொரு பிரதி எடுத்துக் கொடுத்தார். இருவரும் ஒரே நேரத்தில், ஆளுக்கொரு பேனாவில் கையெழுத்துப் போட்டார்கள். பிறகு தாள்களை மாற்றிக்கொண்டு இன்னொரு தடவை போட்டார்கள். சுகுமாரன் உள்ளே போய்விட்டார்.

“படிச்ச புள்ள படிச்ச புள்ளதான்,” என்றார் பரஞ்சோதி. சாவி இடுப்புக்குத் திரும்பிவிட்டது. “வர திருவிழாவுக்கு மாலையும் இப்படியே ரெண்டு பூசாரிய வெச்சிப் போட்ருவோமா வேலு?”

“போட்ருவோம்லா.”

மறுநாள் காலை வேலைக்குப் போகும் வழியில் தபால் பெட்டி அருகே நிற்கச் சொல்லியிருந்தார்கள். இரண்டு உறை. யார் பெட்டியில் போடுவது என்பதில் நேற்று மாலையே ஒரு வார்த்தை தடித்ததாம். ஆகவே பொதுவான ஆள் வேண்டும். புஷ்பவள்ளி தொழிற்சாலைச் சீருடையில் காரைவிட்டு இறங்கி, வலது கையில் ஒன்றும் இடது கையில் ஒன்றுமாக வாங்கிக்கொண்டார். எட்டு பருவம் கனமாக இல்லை. பெட்டியின் வாய் குறுகலாக இருந்ததால் இரண்டையும் பக்கவாட்டில் நெருக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பின்னால் இரு பெரியவர்களும் இருபுறமும் குனிந்து காதைக் கொடுத்தார்கள்.

விட்டார்.

“ஒன்னாத்தான விழுந்துச்சு?” என்றார் குழந்தைவேலு.

“ஒன்னாத்தாண்ணே.”

“எனக்கு ரெண்டு சத்தம் கேட்ட மாதிரி இருந்துச்சே,” என்றார் பரஞ்சோதி.

புஷ்பவள்ளி காரில் ஏறினார். எட்டரைக்குக் குருணில் இருக்க வேண்டும். முந்திய வெள்ளிக்கிழமை கிடங்கில் இருவர் அடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பாரம் கொடுக்க வேண்டும்.