மோந்து பார்க்கச் சொன்னவர்

பிள்ளைகளே, நான் குற்றாலத்து விடுதியில் வேலை பார்த்தபோது நரைத்த மீசைக்காரர் ஒருவர் வந்து தங்கினார். தென்காசிக்காரர்தான். துண்டோ பழமோ, எதைக் கொடுத்தாலும் மோந்து பார்த்துத்தான் வாங்குவார். வெளிநாட்டில் விஸ்கியை ருசி பார்த்துத் தரம் சொல்வது அவர் வேலையாம்.

ஒரு சாயங்காலம் என்னிடம் கிளாஸை நீட்டினார்.

"அண்ணாச்சி, சதுப்பு நெலத்துல வெட்டுன கரிமண்ண எரிச்சு, அந்தப் புகையில வாட்டுன பார்லி. பொறவு ஒயின் பீப்பாயில கெடந்த சரக்கு. குடிக்க வேண்டாம், மோந்து மட்டும் பாருங்க. என்ன வருது?"

"ஈர வெறக ஊதுன மாதிரி இருக்கு சார். பின்னால புளிச்ச திராட்சை. இதையா ருசின்னு குடிக்காவ?"

அவர் சிரிக்கவில்லை.

"ரெண்டும் சரி. எனக்குத்தான் ஒண்ணும் வரல. காய்ச்சல்ல மூக்கு செத்துப்போச்சு. அருவித் தண்ணி தலையில விழுந்தா சரியாயிரும்னாவ. தெனம் குளிக்கேன். வாசம் தெரியாட்டா வேலை இல்ல."

ஒரு வாய் குடித்துவிட்டு, "கசப்பு மட்டும் தெரியுது" என்றார்.

மறுநாள் அறையைக் காலி செய்தார். சாவியை என்னிடம் கொடுக்கும் முன் அதையும் ஒருமுறை மோந்து பார்த்தார்.