டூஃபியேயின் ஜன்னல் பானை

கானா நாட்டுக் குமாசி நகரின் சுவாமே மேகசின் பட்டறைப் பேட்டையில் அட்டகோரா என்பவன் பானை வார்க்க வந்தது, மெக்கானிக்காகத் தோற்ற பிறகுதான். கழற்றிய எஞ்சினைத் திரும்பப் பூட்டினால் எப்போதும் ஒரு நட்டு மிஞ்சும். அலுமினியத்தில் அந்தத் தொல்லை இல்லை. சரியாக வராததை மறுபடி உருக்கிக்கொள்ளலாம்.

அந்த வாரம் மட்டும் இரண்டு பானைகளை மறுபடி உருக்க வேண்டியதாயிற்று. சனிக்கிழமை சாப்பாட்டுக் கடை திறக்கவிருந்த டூஃபியே, தன் அப்பாவின் இடிபட்ட கடையிலிருந்து அலுமினிய ஜன்னல் சட்டங்களைக் கொண்டுவந்து, அவற்றிலேயே சூப் பானை வேண்டும், வேறு உலோகம் துண்டுகூடச் சேரக்கூடாது என்றிருந்தாள். இரண்டு தடவையும் காதும் வயிறும் சேரும் இடத்தில் கீறல்.

"அவங்க கேட்டது பானையா, வடிகட்டியா?" என்றான் பக்கத்துப் பட்டறை வெல்டர் பாஃபோர்.

"உன் வெல்டிங்ல விழாத ஓட்டையாடா?"

முதல் தடவை அட்டகோரா அச்சின் ஈர மணலைத் திட்டினான். மணலை நன்றாகக் காயவைத்தும் அதே இடம் பிளந்தது. பானையை உடைத்துப் பார்த்தான்: உலோகத்துக்குள் சர்க்கரை போலப் பருமனான மணிகள், அவற்றின் இடுக்கிலேயே விரிசல்.

வெள்ளிக்கிழமை டூஃபியேயிடம் சொல்லிவிட்டான். "சிஸ்டர், உங்க ஜன்னல் தனியா வராது. உறையும்போது சுருங்குது. தடிச்ச காதுதான் கடைசியா ஆறும். அப்போ இடுக்கை நிரப்ப உருகின சொட்டு மிச்சமிருக்காது. பழைய லாரி பிஸ்டன் சேர்க்கணும், அதுல சிலிக்கான் ஜாஸ்தி. கடைசிவரைக்கும் ஓடி நிரப்பும்."

"எங்கப்பா ஜன்னலோட எவனோ லாரி பிஸ்டனா?"

"இல்லைன்னா நாளைக்கு சூப்பைக் கையில ஏந்தி விக்கலாம்," என்றான் பாஃபோர்.

டூஃபியே சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. "அப்பாவுக்குக் கூட்டம் இருந்தாத்தான் பேச்சே வரும். சேருங்க மாஸ்டர்."

பாதிக்குப் பாதி பிஸ்டன் சேர்த்தான். காதோரம் மணலில் இரும்புக் கட்டைகளையும் புதைத்தான். இரும்பு சூட்டை இழுத்துத் தடித்த இடம் சீக்கிரம் ஆறினால் மணிகள் பொடியாக உறையும். வார்த்தபின், அச்சைத் திறக்கத் துடித்த கையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தான்.

சனிக்கிழமை காலை பானை நிறையத் தண்ணீர் ஊற்றினார்கள். பாஃபோர் அடியில் தவழ்ந்து தடவிப் பார்த்து, "காய்ஞ்சு கிடக்கு!" என்று கத்தினான். டூஃபியே நடுப்பட்டறையில் ஒரு சுற்று ஆடினாள்.

டூஃபியேயின் கடையில் மதியத்துக்குள் வேர்க்கடலை சூப் பானையின் அடிக்கு வந்துவிட்டது. வாசலில் இன்னும் வரிசை நின்றது.

"மாஸ்டர், திங்கட்கிழமைக்குள்ள இதைவிடப் பெரிசு ஒண்ணு!" என்றாள் டூஃபியே.

வாய் நிறைய சூப்பில் தோய்த்த ஃபுஃபு, இடித்த மரவள்ளிக் களி. அட்டகோராவால் தலையைத்தான் ஆட்ட முடிந்தது.