மூன்றாம் நம்பர் மேகசினும் பாயின் மணிக்கட்டும்

அமீரகத்தில் துப்பாக்கி சுடும் கிளப் ஒன்றில் எனக்கு வேலை. விசாவில் டெக்னீஷியன் என்று போட்டிருக்கிறது. ஊரில் என் மனைவி அக்கம்பக்கத்தாரிடம் ஏசி மெக்கானிக் என்று சொல்லிவைத்திருக்கிறாள். உண்மையைச் சொன்னால் வீட்டுக்கு வந்து காப்பி குடிக்கவே யோசிப்பார்களாம். என் வேலையோ பரம சாது. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து கிளப்பின் பிஸ்டல்களைப் பிரிப்பேன், துடைப்பேன், எண்ணெய் விட்டு மறுபடி மாட்டி வைப்பேன். கோயம்புத்தூரில் பன்னிரண்டு வருஷம் லேத்தில் நின்றவனுக்கு இது பெரிய காரியமில்லை. எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. நான் கை வைத்த பிஸ்டல் சிக்காது என்று கேண்டீன் வரைக்கும் சொல்லிவைத்திருந்தேன்.

அந்தக் கர்வத்தில் கை வைத்தவர் ஒரு ஜவுளிக்கடைக்காரர். கீழக்கரைப் பக்கம் சொந்த ஊர், பர் துபாயில் மீனா பஜாரில் கடை, வயது ஐம்பத்தெட்டு. யாரோ வாடிக்கையாளர் கொடுத்த இலவச வவுச்சர் வீணாகக் கூடாதே என்று ஒரு நாள் வந்தார். பத்துத் தோட்டா சுட்டார். அன்றிலிருந்து எல்லா சனிக்கிழமையும் காலை பத்து மணிக்கு அத்தர் மணக்க வந்துவிடுவார். எல்லோருக்கும் அவர் பாய்.

எங்களிடம் சின்ன பிஸ்டல் ஒன்று இருக்கிறது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். பாய்க்கு அதுதான் வேண்டும். பெரியதை நீட்டினால், "இது போலீஸ்காரர் கைக்கு, தம்பி. நாம அளவெடுக்கிற கை" என்பார்.

சிக்கல் அதில்தான் ஆரம்பித்தது. பாய் மூன்று தோட்டா சுடுவார், நாலாவது சிக்கும். மேகசின் என்கிற தோட்டா அடுக்கிய பெட்டியிலிருந்து மேலே ஏற வேண்டிய தோட்டா, பாதி வழியில் மூக்கை முட்டிக்கொண்டு நின்றுவிடும். பயிற்சி தருகிற பிலிப்பினோ அம்மா வந்து அதை எடுத்துவிடுவார். மறுபடி மூன்று, மறுபடி சிக்கல். கடைசியில் பாய் கண்ணாடித் தடுப்பைத் தட்டுவார்.

"தம்பி, உங்க மிசின் சோறு திங்க மாட்டேங்குதே!"

நான் பிரித்துப் பார்த்தேன். தோட்டா ஏறுகிற சரிவு பளபளவென்று இருந்தது. ஸ்பிரிங் புதுசு. சுத்தம் செய்து, கிளப் விதிப்படி நானே பத்துத் தோட்டா சுட்டுப் பார்த்தேன். பத்தும் சரம் மாதிரி போயின.

"சரியாத்தான் இருக்கு பாய்."

"உங்களுக்குப் பயந்து வேலை செய்யுது. எனக்குன்னா மக்கர் பண்ணுது."

அடுத்த வாரம் அவர் யூடியூப் பார்த்துவிட்டு வந்தார். எனக்கு வேலை சொல்லிக் கொடுக்க அதற்குமேல் என்ன வேண்டும்? சரிவைத் தேய்க்க வேண்டுமாம், ஸ்பிரிங்கை வலுவானதாக மாற்ற வேண்டுமாம், அமெரிக்காவில் யாரோ டைட்டானியத்தில் ஏதோ விற்கிறானாம்.

"நானே ஆர்டர் போட்டுர்றேன் தம்பி. மூணு நாள்ல வந்துரும்."

"பாய், துப்பாக்கி பார்ட்ஸ் இந்த ஊருக்குள்ள பார்சல்ல வந்தா, அதைக் கொண்டுவந்து கொடுக்கறது கூரியர்காரன் இல்ல. வேற யூனிஃபார்ம் போட்டவங்க வருவாங்க."

பாய் அந்த ஆசையை விட்டார். அதற்கடுத்த வாரம் கடையிலிருந்து தையல் மெஷின் எண்ணெய் ஒரு புட்டியில் கொண்டுவந்தார். "இது ஜப்பான் எண்ணெய். முப்பது வருசமா என் மிசினு ஒண்ணுகூட சிக்கினதில்ல." மரியாதைக்கு வாங்கி வைத்தேன். இப்போது என் நாற்காலிச் சக்கரத்துக்கு அதுதான்.

எனக்கு அதற்குள் காரணம் பிடிபட்டிருந்தது. சுடும்போது பிஸ்டலின் மேல்பாகம் பின்னால் ஓடி, திரும்பி வரும்போது அடுத்த தோட்டாவைத் தள்ளிக்கொண்டு வர வேண்டும். பிடித்திருக்கும் கை உறுதியாக நின்றால்தான் அது முழு தூரம் ஓடும். மணிக்கட்டு தொளதொளவென்று இருந்தால் பாதியில் திரும்பிவிடும், தோட்டா சிக்கும். பிஸ்டல் சின்னதானால் இந்த வம்பு இன்னும் அதிகம். பாயின் மணிக்கட்டோ, ஒவ்வொரு குண்டுக்கும் யாருக்கோ டாட்டா காட்டிக்கொண்டிருந்தது.

இதை ஐம்பத்தெட்டு வயதுக்காரரிடம் எப்படிச் சொல்வது? பயிற்சி அம்மா, "சார், ரிஸ்ட், ரிஸ்ட்!" என்று வாரா வாரம் கத்திக்கொண்டுதான் இருந்தார். காதில் ஒலி அடைப்பான் மாட்டியிருந்த பாய் அதை ஏதோ பாராட்டு என்று நினைத்துத் தலையாட்டுவார். நான் ஒரு காரியம் செய்தேன். அவர் சுடுவதை மொபைலில் ஸ்லோமோஷனில் பிடித்தேன். அவரை உட்காரவைத்து, டீ கொடுத்து, போட்டுக் காட்டினேன்.

திரையில் குண்டு போனது. பிஸ்டலும் கையும் சேர்ந்து, காற்றில் துப்பட்டா எழும்புகிற மாதிரி மெல்ல மேலே போயின. பாய் இரண்டு தடவை பார்த்தார்.

"இது என் கையா?"

"ஆமா பாய்."

"அப்ப பழுது எனக்குத்தான்னு சொல்றீங்க."

"பழுதுன்னு இல்ல பாய், பிடியைக் கொஞ்சம்..."

"கலாஸ் தம்பி, போதும். புரிஞ்சுபோச்சு." டீயை முழுக்கக் குடிக்காமல் எழுந்து போனார்.

அடுத்த சனிக்கிழமை பாய் வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. பத்து மணிக்கு அத்தர் வாசனை இல்லாமல் கிளப் என்னவோ போல் இருந்தது. ஆனாலும் நான் கண்டுபிடித்தது சரி என்ற திருப்தி எனக்கு. அது செவ்வாய்க்கிழமை வரைக்கும்தான் நிலைத்தது.

அன்று பயிற்சி அம்மா அதே சின்ன பிஸ்டலை எடுத்து யாருக்கோ சுட்டுக் காட்டினார். அவர் மணிக்கட்டு இரும்புக் குழாய். நாலாவது தோட்டா சிக்கியது. அவர் அதை என் மேஜையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு அவர் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

பிஸ்டலில் இருந்தது மூன்றாம் நம்பர் மேகசின். அந்த பிஸ்டலுக்கு மூன்று மேகசின்கள். அடியில் நம்பர் எழுதியிருக்கும். நான் சோதித்ததெல்லாம் பெட்டியில் எப்போதும் மேலே இருக்கும் ஒன்றாம் நம்பரை வைத்து. பாய் மூன்றுதான் ராசி என்று கேட்டு வாங்கிச் சுடுவார். மூன்றாம் நம்பரைக் கழற்றினேன். உள்ளே ஸ்பிரிங் தளர்ந்து போயிருந்தது. தோட்டாவைப் பிடித்து நிறுத்துகிற மேல் விளிம்பும் ஒரு பக்கம் லேசாக விரிந்திருந்தது. எப்போதோ கீழே விழுந்திருக்க வேண்டும். மேகசினை மாற்றிப் பார்க்க வேண்டும் என்பது இந்த வேலையின் அரிச்சுவடி. கேண்டீன்வரை பேசத் தெரிந்த எனக்கு அது தோன்றவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை மெட்ரோ ஏறி மீனா பஜார் போனேன். பாய் கடையில் ஒரு அம்மாவுக்கு சேலை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இன்னும் இரண்டு சேலையை விரித்தார். அந்த அம்மா போனதும் சொன்னேன்.

"பாய், மேகசின்ல பழுது இருந்துச்சு. நான்தான் பாக்காம விட்டுட்டேன். மன்னிச்சுக்கணும்."

அவர் முகம் மலர்ந்த வேகத்தைச் சொல்ல முடியாது. கடையில் வேலை பார்த்தவர்கள், எதிர்க்கடை குஜராத்திக்காரர், கல்லாவில் இருந்த அவர் மனைவி, எல்லோரையும் கூப்பிட்டார்.

"கேட்டுக்கிடுங்க! டெக்னீசியனே வந்து சொல்றாரு. என் கையில பழுது இல்லயாம்!"

"பாய், கையிலயும் கொஞ்சம்..." என்று இழுத்தேன்.

"அதை விடுங்க தம்பி. மொதல்ல டீ குடிங்க."

அவர் மனைவி டீயை என் பக்கம் நகர்த்தியபடி மெதுவாகச் சொன்னார்: "கை கொழகொழன்னுதான் இருக்கும். ஒரு தேங்கா உடைக்கச் சொன்னா மூணு நாளாகும்."

பாய் கிளப்புக்குத் திரும்பினார். மூன்றாம் நம்பரைத் தூக்கிப் போட்டுவிட்டு, மேனேஜரிடம் எழுதிக் கேட்டு, அடியில் சுண்டுவிரலுக்குச் சின்ன மேடை வைத்த புது மேகசின்கள் வரவழைத்தேன். அதுவரை பாயின் சுண்டுவிரல் பிடியில் இடமில்லாமல் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. இப்போது அது உட்கார இடம் கிடைத்ததும் பிடியே மாறியது. டைட்டானியம் கேட்டவருக்கு நான் செய்துகொடுத்தது ஒரு விரல் நீளப் பிளாஸ்டிக்தான். அதோடு, கடையில் ஆள் இல்லாத நேரத்தில் பாய் ரப்பர் பந்தை அமுக்கிப் பயிற்சி செய்வதாக அவர் மனைவி மூலம் தெரிந்தது. என்னிடம் அவர் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்த மாதக் கடைசியில் உறுப்பினர்களுக்குள் ஒரு நட்புப் போட்டி நடந்தது. ஆளுக்கு முப்பது தோட்டா. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நான் எண்ணிக்கொண்டே நின்றேன். மூன்று, நாலு, ஐந்து. நாலாவதைத் தாண்டியபோது பாய் திரும்பி என்னைப் பார்க்கப் போய், "சார், ஃப்ரன்ட், ஃப்ரன்ட்!" என்று பயிற்சி அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். முப்பதும் தடையில்லாமல் போயின.

இலக்குத் தாள்கள் நகர்ந்து வந்தன. பாயின் தாளில் பதினொரு ஓட்டைகள். பக்கத்துத் தடத்தில் சுட்ட லெபனான் பல் டாக்டருடைய தாளில் நாற்பத்தேழு. டாக்டர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து எண்ணினார். மீதி இரண்டு எங்கே போயின என்று இன்றுவரை தெரியவில்லை.

பாய்க்கு அதெல்லாம் ஒரு பொருட்டாகவே இல்லை. இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிடி உண்மையிலேயே இறுகியிருந்தது.

"பாத்தீங்களா தம்பி? ஒண்ணும் சிக்கலயே!"

"ஒண்ணுகூடச் சிக்கல பாய். மாஷா அல்லா."

பிறகு தாளைப் பார்த்தார், பிஸ்டலைப் பார்த்தார், குரலைத் தாழ்த்தினார். "இந்தக் குறி பாக்குற முள்ளு கொஞ்சம் வலப்பக்கம் சாஞ்சிருக்கோ? புதுசு ஒண்ணு மாத்தினா என்ன?"

சரியாத்தான் இருக்கு பாய் என்று வாய் வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன். பிஸ்டலை வாங்கிக்கொண்டு போய் விளக்கடியில் வைத்து, அளவுகோல் பிடித்து, அரை மணி நேரம் பார்த்தேன். முள் நேராகத்தான் இருந்தது.