சுப்பாத்தாள் அக்காவின் மூட்டை

இந்த வருஷ வெயிலில் சுப்பாத்தாள் அக்கா ஓர் இடத்தில் பத்து நிமிஷம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்து நான் பார்க்கவில்லை. கட்டிலில் உட்காருவாள், எழுந்து வாசலுக்கு வருவாள், வாசல் சுடுகிறது என்று மாட்டுக்கொட்டிலுக்குப் போவாள், அங்கே புழுக்கம் தாங்கவில்லை என்று பக்கத்திலிருக்கும் என் வீட்டுக்கு வருவாள். என் வீட்டில் மட்டும் என்ன, ஊட்டிக் குளிரா அடிக்கிறது?

எல்லாம் அவள் வீட்டுக்காரர் பொங்கியண்ணன் மாமா கட்டிய தார்சு வீட்டால் வந்த வினை. நாலு வருஷத்துக்கு முன்னால் நல்ல ஓட்டு வீட்டை இடித்துவிட்டு மனுஷன் கான்கிரீட் போட்டார். புதுமனைக்கு வந்தவர்கள் எல்லாம் மூக்கில் விரல் வைத்தார்கள். சித்திரையில் அதற்குள் ஃபேனைப் போட்டால் அடுப்படிக் காற்றுதான் வருகிறது. அக்கா ஜன்னலில் ஈரச்சேலையைக் கட்டிப் பார்த்தாள். தரையில் தண்ணீர் தெளித்துப் படுத்துப் பார்த்தாள். குடிதண்ணீரே பஞ்சாயத்து லாரியில் வாரத்துக்கு இரண்டு தடவை என்று ஆன பிறகு தெளிப்பதையும் விட்டுவிட்டாள். கழுத்தெல்லாம் வேர்க்குரு, வாயெல்லாம் எரிச்சல்.

இருபது வயதில் உடுமலைப் பக்கமிருந்து, மலையாளச் சீமைக்குள் இருக்கும் எங்கள் கொழிஞ்சாம்பாறைக்கு வாக்கப்பட்டு வந்தவள். முப்பத்திமூன்று வருஷத்தில் ஒரு வாரம் சேர்ந்து எங்கும் போய் இருந்ததில்லை. ஒரே மகள் மௌனிகாவை மறையூரில் கட்டிக்கொடுத்திருக்கிறாள். மலை ஊர். "அம்மா, இங்க ஃபேனே வேண்டாம். ரண்டு மாசம் அப்பாவையும் கூட்டிட்டு வந்து இரு" என்று அவள் போன் பண்ணாத நாளில்லை.

போக முடியாததற்குக் காரணம் நாற்பத்திரண்டு தென்னை. அவர்கள் போர்க்குழியில் தண்ணீர் அரைமணி நேரம் வரும், பிறகு காற்றுதான் வரும். அந்த நேரம் பார்த்து மோட்டாரை நிறுத்தாவிட்டால் மோட்டார் எரிந்துபோகும். ஆகவே மாமா சுவிட்சுக்குப் பக்கத்தில் நிற்பார், அக்கா ஓஸ் குழாயைத் தூக்கிக்கொண்டு மரம் மரமாக ஓடுவாள். அதுவும் உச்சிவேளையில்தான். மற்ற நேரத்தில் எல்லார் மோட்டாரும் ஓடி வோல்டேஜ் நிற்காது.

மாசியில் ஒரு தடவை தென்னைப் பாத்திக்குள் மயங்கி விழுந்தாள். பங்குனியில் இன்னொரு தடவை. வீடு வீடாக ஆஷா சுகாதாரப் பணிக்கு வரும் டின்சி பிரஷர் பார்த்துவிட்டு, "இது சூர்யாகாதமாணு சேச்சி. பன்ரண்டு தொட்டு மூணு வரெ வெயிலத்து எறங்கருது" என்று கண்டித்தாள். வெயில் அடித்துச் சாய்ப்பதற்கு மலையாளத்தில் சூர்யாகாதம் என்று பெயர்; பன்னிரண்டிலிருந்து மூன்று மணி வரை வெயிலில் இறங்கக் கூடாதாம்.

மாமாவுக்கு அது பரிகாசமாகிவிட்டது. "சூரியகாதமா? அது எத்தனை காதம்? நாம தோட்டத்துக்கும் ஊட்டுக்கும் நடக்கறது அரைக்காதம்கூட வராது" என்று சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. எனக்கு அவர் வாயில் ஓஸைச் செருகினால் என்ன என்றிருந்தது.

சித்திரை பாதியாகியும் கோடைமழை ஒரு சொட்டு இல்லை. ஊர்ப் பெண்கள் கூடி மழைச்சோறு எடுப்பது என்று முடிவு செய்தோம். எங்கள் பக்கத்து வழக்கம் அது. மூன்று நாள் வீடு வீடாக உப்பில்லாச் சோறு வாங்கித் தின்ன வேண்டும். மூன்றாம் நாள் பாய், முறம், மூட்டை எல்லாம் எடுத்துக்கொண்டு, மழையில்லாத ஊரில் இருக்க மாட்டோம் என்று அழுதபடி ஊர் எல்லைக்குப் போக வேண்டும். ஆம்பிளைகள் எதிரே வந்து நின்று, போகாதீங்க, மழை வரும் என்று மூன்று தடவை சொல்லுவார்கள். நாங்கள் திரும்பி விடுவோம். அவ்வளவுதான்.

கிளம்பும்போது அக்காவின் மூட்டையை நான்தான் தூக்கித் தலையில் வைத்தேன். என் மூட்டையில் பழந்துணி நாலு. அவளுடையது கனத்தது.

"என்னக்கா, கல்லைக் கட்டி வெச்சிருக்கறயா?"

"போறவ மூட்டை பின்ன எப்படி ராமலட்சுமி இருக்கும்?" என்றாள்.

எங்கள் எல்லை பொள்ளாச்சி ரோட்டில் பஸ் நிற்கிற பாலம். ஆம்பிளைகள் வரிசையாக நின்றிருந்தார்கள். முன்னால் பொங்கியண்ணன் மாமா, தலையில் உருமா வேறு.

"போகாதீங்க தாயிங்களா. மழை வரும். ஊட்டுக்கு வாங்க."

மூன்று தடவை சொன்னார். நாங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினோம். அக்கா மட்டும் நின்ற இடத்திலேயே நின்றாள்.

"எப்பங்க வரும்?" என்று கேட்டாள்.

அப்படி ஒரு கேள்வி அந்தச் சடங்கிலேயே கிடையாது. மாமா முழித்தார். "வரும் புள்ள. எல்லாரும் பாக்கறாங்க, வா."

"ரண்டு தடவை உழுந்துட்டனுங்க. மூணாவது உழுந்தா எந்திரிப்பனோ என்னமோ. நீங்களும் வாங்கன்னு எத்தன தடவை கூப்புட்டாச்சு. மழை வந்தாச் சொல்லி உடுங்க."

அந்த நேரம் பார்த்து பொள்ளாச்சி பஸ் வந்து நின்றது. அக்கா மூட்டையோடு ஏறிவிட்டாள். கூட்டம் கைதட்டியது. நடிப்பென்றால் சுப்பாத்தாள்தான் என்று ஆளாளுக்குச் சிரித்தார்கள். சொன்னால் வெட்கம், நானும்தான் சிரித்தேன். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி வருவாள் என்று பாலத்தில் அரைமணி நேரம் காத்திருந்தோம். பொழுது சாய மறையூரிலிருந்து மௌனிகா போன் பண்ணினாள், அம்மா வந்து சேர்ந்துட்டாங்க என்று.

மாமா, "ரண்டு நாள்ல தானா வருவா" என்று மட்டும் என் வீட்டுக்காரர் பூபதிராஜாவிடம் சொன்னாராம். மறுநாளிலிருந்து ஒற்றை ஆளாக ஓஸைத் தூக்கிக்கொண்டு ஓடினார். ஒரு மரத்துக்கு ஓஸைப் போட்டுவிட்டு சுவிட்சுக்கு ஓட்டம், மறுபடி மரத்துக்கு ஓட்டம். அறுபது வயது மனுஷன். நாங்கள் உதவிக்குப் போனால் வேண்டாம் என்று கையைக் காட்டுவார். எனக்கு ஆத்திரமும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

நாலாம் நாள் உச்சியில் மோட்டார் காற்று வாங்கிக் கத்துகிற சத்தம் கேட்டது. நிறுத்த ஆளில்லை. நான் ஓடிப்போய் சுவிட்சை அணைத்துவிட்டுப் பார்த்தால், அக்கா முதல் தடவை விழுந்த அதே மரத்துப் பாத்தியில் மாமா கிடக்கிறார். நானும் என் வீட்டுக்காரரும் நிழலுக்குத் தூக்கிவந்து தலையில் தண்ணீர் ஊற்றினோம். வாய் குழறியது. டின்சி வந்து பார்த்துவிட்டு அதே வார்த்தையைத்தான் சொன்னாள். இந்தத் தடவை எத்தனை காதம் என்று அவர் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் ரேஷன் கடைக்குப் போனவள் பாலத்தில் அவரைப் பார்த்தேன். உருமா இல்லை. கக்கத்தில் ஒரு துணி மூட்டை.

"ஏனுங் மாமா, இங்க நிக்கறீங்க?"

அவர் வானத்தைப் பார்த்தார். ஒரு மேகம் இல்லை. "அவ பயந்துட்டுப் போனா. நான் அதைக் கூத்துன்னு நெனச்சேன் அம்மிணி" என்றார். தோட்டத்துப் பக்கம் திரும்பிப் பார்த்து, "மரமெல்லாம் காஞ்சுருமே" என்றார்.

"ஓஸை நான் புடிக்கறனுங்க. சுவிட்சுக்கு எங்கூட்டுக்காரரு நிப்பாரு. வோல்டேஜ் இருந்தா காலையில தண்ணி உடுவோம், இல்லீனா இல்ல. உச்சியில நாங்களும் எறங்கமாட்டோம், இப்பவே சொல்லிப்போட்டேன்."

தலையை ஆட்டினார். பிறகு என் முகத்தையே பார்த்தார். மூட்டையோடு எல்லையில் நிற்பவரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று எங்கள் ஊரில் பிறந்த பிள்ளைக்கும் தெரியும். அந்த வார்த்தைக்காகத்தான் மனுஷன் நிற்கிறார், சொன்னால் திரும்பி நடந்துவிடுவார். எனக்கு வாய்வரைக்கும் வந்துவிட்டது.

"பஸ் வருதுங் மாமா" என்றேன். "ஏறிக்கோங்க."