நீர்வெட்டு நாட்களில் உம்மா

கல்முனைப் பக்கத்தில் பெண்பிள்ளை பிறந்தால் அவளுக்கு வீடு கட்டியாக வேண்டும். எங்கள் வளவோ சின்னது. மகளின் வீட்டுக்கு அத்திவாரம் வெட்டியபோது கிணறு குறுக்கே நின்றது. "குழாயில லைன் தண்ணி வருதுதானே, இனிக் கிணறு எதுக்கு?" என்றார் என் கணவர். சுனாமிக்குப் பிறகு கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரித்ததால், கழுவ மட்டும்தான் உதவியது. நானும் தலையாட்டினேன். தூர்த்த இடத்தில் இப்போது மருமகனின் மோட்டார் சைக்கிள் நிற்கிறது.

அதிலிருந்து நீர்வெட்டு என்றால் எங்களுக்குப் போக்கிடம் இல்லை. சில நேரம் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் முன்கூட்டியே சொல்வார்கள். பல நேரம் குழாயைத் திறந்ததும் காற்றுச் சீறும், அதுதான் அறிவித்தல். வீட்டு ஆண்கள் இன்னும் பெரிய தாங்கி வாங்குவதைப் பற்றி அழகாகக் கதைப்பார்கள். தண்ணீர் பிடிப்பது நான்.

கூரையில் ஒரு தாங்கி, முற்றத்தில் ஒரு நீலப் பிளாஸ்டிக் பரல். மூடி போட்ட கேன்கள் மட்டும் என்னைப் பெற்ற உம்மாவின் அறைச் சுவரோரம் இருக்கும். அவை உம்மாவுக்கு உரியவை. பக்கவாதம் வந்து படுக்கையில் விழுந்தவர் அவர். புத்தி தெளிவு. ஐந்து நேரத் தொழுகையையும் படுத்தபடியே தொழுவார். படுக்கை நனைந்தால் கழுவி, உடுப்பு மாற்றி, தொழுகைக்காக முகம் கை கால் கழுவி ஒழு செய்துவிட வேண்டும். மூத்திரம் ஒரு சொட்டு பட்டிருந்தாலும் தக்பீர் கட்டித் தொழுகையைத் தொடங்கமாட்டார். பெம்பஸ் கட்டலாம் என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இந்தமுறை எங்கோ பெரிய குழாய் வெடித்துவிட்டதாம், எப்போது சரியாகும் என்று யாருக்கும் தெரியவில்லை. கூரைத் தாங்கியை இரண்டு வீட்டுக்கும் அளந்து பாவித்திருந்தால் கொஞ்சம் தாக்குப்பிடித்திருக்கும். மருமகன் காலையில் வழமைபோல ஷவரைத் திறந்து ஆறுதலாகக் குளித்தார். தண்ணீர் கொட்டும் சத்தம் எங்கள் வீடுவரை கேட்டது. குறைத்துக் குளியுங்கள் என்று புது மாப்பிள்ளையிடம் எந்த வீட்டில் சொல்வார்கள்? மகள் என்னைப் பார்த்தாள், நான் கணவரைப் பார்த்தேன், அவர் முகட்டைப் பார்த்தார். தாங்கி காலி.

பிறகு தண்ணீர் லொறி, பவுசர்தான். அது தெரு முனையில் நிற்கும். வெயிலில் வரிசை. கேனைத் தூக்கிக்கொண்டு நடந்தால் முழங்கால் சண்டைக்கு வரும். "என்னகா, இவ்வளவு கேனும் ஒனக்கா?" என்று முன்னால் நின்றவள் கேட்டாள். "உம்மாக்கு" என்றேன். அவள் விலகி இடம் விட்டாள். அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் எங்கள் ஊரில் இன்னும் மதிப்பு உண்டு.

கேன்களை அறைக்குள் இறக்கிவிட்டுத் தரையில் குந்தினேன். எழும்பவே மனமில்லை. உம்மா கேன்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மகள், எனக்குத் தயம்மும் போதும். கொஞ்சம் மண் கொண்டு வா."

தண்ணீர் இல்லாதபோதோ போதாதபோதோ சுத்தமான மண்ணைத் தொட்டு ஒழுவை நிறைவேற்றலாம். அதற்கு அனுமதி இருக்கிறது. ஒரு தட்டில் மண் கொண்டுவந்து வைத்தேன். உண்மையைச் சொன்னால் எனக்கு நிம்மதியாக இருந்தது. அதன் பிறகு படுக்கையும் நனையவில்லை. உடுப்பு மாற்றும் வேலையும் குறைந்தது. "உம்மா இப்ப நல்லா இரிக்காங்க" என்று கணவரிடம் சந்தோசமாகச் சொன்னேன்.

மூன்றாம் நாள் காலையில் உம்மா என்னை "ராத்தா" என்று கூப்பிட்டார். எப்போதோ மவுத்தாகிப்போன தன் மூத்த சகோதரி என்று என்னை நினைத்திருக்கிறார். உதடு வெடித்து நாக்கு காய்ந்திருந்தது. ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆசுபத்திரிக்கு ஓடினோம்.

டொக்டர் சின்னப் பெண். உம்மாவின் தோலைக் கிள்ளிப் பார்த்துவிட்டு என்னை முறைத்தாள். "உடம்புல தண்ணியே இல்ல. குடிக்கக் குடுக்கல்லயா?"

கொடுத்தேன். தேநீர், கஞ்சி, தண்ணீர் எல்லாம் கொடுத்தேன். ஒரு மிடறு குடித்துவிட்டுப் போதும் என்று கையை ஆட்டுவார். வயசானவர்களுக்குப் பசி குறையும் என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன்.

சேலைன் ஏறி, பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு உம்மாவுக்கு என்னை அடையாளம் தெரிந்தது.

"ஏன் உம்மா தண்ணி குடிக்கல்ல?"

"குடிச்சா மூத்திரம் வரும். வந்தா கழுவாம எப்பிடித் தொழுற?"

"அதுக்குத்தானே அறை நிறையத் தண்ணி வெச்சிருந்தன்."

"அது முடிஞ்சா நீதானே திரும்பவும் போகணும். நீ நொண்டி நொண்டிக் கேன் தூக்கிட்டு வாறதப் பாத்துட்டுத்தானே நான் படுத்திரிக்கன்."

எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. யாரோடு கோபிப்பது? அவருக்காக நான் சேர்த்த தண்ணீரை, எனக்காக அவர் சேர்த்திருக்கிறார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கிளாஸை அவர் வாயருகே கொண்டுபோனேன். உம்மா உதட்டை இறுக்கிக்கொண்டார்.

"இங்க தண்ணி வருதா?"

"ஓம் உம்மா, வருது."

நம்பவில்லை. வார்டு மூலையில் கை கழுவும் தொட்டி இருந்தது. போய்க் குழாயை முழுதாகத் திறந்துவிட்டேன். உம்மா தலையைச் சரித்துக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு வாயைத் திறந்தார். ஒரு கிளாஸ் முடிந்ததும் இன்னொன்று கேட்டார்.

பக்கத்துக் கட்டில்காரி, தண்ணீர் வீணாகப் போகிறது என்று சத்தம் போட்டாள். உம்மா குடித்து முடிக்கும்வரை நான் குழாயை மூடவில்லை.