சண்டை போடாத மீன்

மீன் கடை வைத்திருக்கிறேன் என்று சொன்னால் எல்லாரும் முதலில் கேட்பது கிலோ என்ன விலை என்றுதான். வளர்க்கிற மீன் என்று விளக்கினால், வேலைவெட்டி இல்லாதவளைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை பார்ப்பார்கள். சுவர் முழுக்க அடுக்கியிருக்கிற தொட்டிகளுக்கு ஒருநாள் தண்ணீர் மாற்றிப் பார்க்கட்டும், இடுப்பு சொல்லும் வேலைவெட்டியைப் பற்றி. அது கிடக்கட்டும். நான் சொல்ல வந்தது லிஃப்ட்காரரைப் பற்றி.

லிஃப்ட் பழுது பார்ப்பது அவர் தொழில். ஐம்பதைத் தாண்டியவர். தோளில் கருவிப் பை, சட்டைப்பையில் டெஸ்டர், எத்தனை சோப்பு போட்டாலும் போகாத கிரீஸ் நகக்கண்ணில். வேலைக்குப் போவதும் வருவதும் என் கடை வாசல் வழியாகத்தான். பல வருஷமாகப் பார்த்த முகம், ஆனால் ஒரு வார்த்தை பேசியதில்லை. தெருமுனைக் கட்டடத்தில் மூன்றாவது மாடியில் தனியாகக் குடியிருந்தார். அந்தக் கட்டடத்து லிஃப்ட் மட்டும் ஓடாது. கட்டடச் சொந்தக்காரர் செலவு செய்ய மாட்டார், கேட்காமல் கைவைத்தால் இவர் தலையில்தான் விடியும். ஊரையே ஏற்றி இறக்குகிற மனிதர் மூச்சு வாங்கப் படியேறிப் போவார்.

அப்படிப்பட்டவர் ஒருநாள் மாலை கடைக்குள் வந்து, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, ஏதோ கடன் கேட்க வந்தவர்போலத் தயங்கினார்.

“ஏம்மா, சண்டை போடாத மீன் இருக்கா?”

“கப்பி இருக்கு, டெட்ரா இருக்கு. சாதுவா திரியும்.”

“அது ஆளைத் தெரிஞ்சுக்குமா? நாம போய் நின்னா கண்ணாடிகிட்ட வரணும். நம்ம முகத்தைப் பார்க்கணும்.”

“முகம் தெரியணும்னா சிக்லிட் வகைதான் சார். ஆனா அந்தக் குடும்பமே சண்டைக்குப் பேர்போனது.”

“முகமும் தெரியணும், சண்டையும் போடக்கூடாது.”

“அது மனுஷங்கள்லயே கிடைக்காது சார், மீன்ல தேடுறீங்க” என்றேன். அவர் சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலைமையில் அவர் வரவில்லை என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அவருக்கு ஒரே அக்கா. ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். மகன் வீட்டில் இருந்தார். மருமகளுக்குக் குழந்தை பிறந்த பிறகு வீட்டில் ஒத்துப்போகவில்லை. குழந்தையைத் தூக்கப் போனால் கை கழுவினீங்களா என்று கேட்பாளாம். பிரசவ வார்டிலேயே காலம் தள்ளியவரிடம் போய் அந்தக் கேள்வி. தூங்குகிற குழந்தையைப் பார்க்கப் போனால் கதவைச் சாத்திக்கொள்வாளாம். மகனும் வாயைத் திறக்கவில்லை. வாய்ச்சண்டை பெரிதாகி, அக்கா பெட்டியைக் கட்டிக்கொண்டு தம்பி வீட்டுக்கு வந்துவிட்டார். சண்டைச் சத்தம் கேட்காத ஒரு மூலை இருந்தால் போதும் என்றாராம். ஆஸ்பத்திரி வரவேற்பறைத் தொட்டியில் ஒரு பெரிய மீன் தன்னைக் கண்டால் மட்டும் கண்ணாடியோரம் ஓடிவரும் என்று பேச்சுவாக்கில் சொன்னாராம். அவ்வளவுதான், மறுநாள் இவர் என் கடையில்.

“இங்கேயே இருந்துடணும்மா அவங்க” என்றார். “இத்தனை வருஷம் நானே பூட்டி நானே திறந்த வீடு. இப்ப உள்ள போனா ‘வந்துட்டியாடா’ன்னு ஒரு குரல் கேக்குது. அது போயிடக்கூடாது.”

அதைக் கேட்டபிறகு வியாபாரமாக மட்டும் பார்க்க எனக்கு மனசு வரவில்லை. ஒவ்வொரு தொட்டியாகக் கூட்டிப்போய்க் காட்டினேன். ஆஸ்கார் கையிலேயே வந்து இரை வாங்கும், நாய்க்குட்டி தோற்றுப்போகும், ஆனால் வாயில் கொள்கிற எதையும் விழுங்கிவிடும். ஏஞ்சல் அழகுதான், வளர்ந்துவிட்டால் சின்ன மீன்களை ஒவ்வொன்றாகக் கணக்குத் தீர்க்கும். கடைசியில் பொலிவிய ராம் என்கிற மீன் ஒன்றைக் காட்டினேன். மணலைக் கிளறிக்கொண்டு தன் பாட்டுக்குத் திரியும் சாது. அதோடு கீஹோல். சந்தன நிறத்தில், விலாவில் சாவித்துவாரம் போல ஒரு கறுப்புப் புள்ளி. சிக்லிட் குடும்பத்தில் இதைப்போல ஒரு அப்பாவி கிடையாது. பயந்தால் உடம்பெல்லாம் கறுத்து மூலையில் போய் நிற்கும், பழகிவிட்டால் ஆளைப் பார்த்து வரும். என் வீட்டுக்காரர் கண்ணாடி ஒட்டிச் செய்த நாலடித் தொட்டி, தரைக்கு மணல், ஒளிந்துகொள்ளக் கட்டையும் தட்டைக் கல்லும், அந்த ராமும் கீஹோலும், மேல்தட்டில் திரிய ஒரு கூட்டம் டெட்ரா என்று முடிவானது.

“கீஹோல் ஒண்ணு போதும் சார்” என்றேன். “எவ்வளவு சாதுவா இருந்தாலும் ஜோடி சேர்ந்துட்டா புத்தி மாறிடும். முட்டை போட்டா பக்கத்துல ஒருத்தரை அண்ட விடாது. ஒத்தையா இருந்தா கடைசிவரைக்கும் அமைதியா இருக்கும்.”

அவர் தொட்டிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒத்தையா எப்படிம்மா விடுறது? பாவம்.”

“மீன் சார் அது.”

“இருக்கட்டும்மா. ரெண்டு குடுங்க. அண்ணன் தம்பியாக்கூட இருக்கும்ல.”

குட்டியில் ஆண் பெண் எனக்கும் தெரியாது, யாருக்கும் தெரியாது. ஒரு பாட்டம் பேசிப் பார்த்தேன். மூன்று மாடி ஏறி இறங்கினாலும் பிடிவாதம் இறங்காத ஆள். இரண்டாகத்தான் வாங்கிப் போனார்.

தொட்டியை வைக்க நானும் என் வீட்டுக்காரரும் போனோம். ஒரு அறை, ஒரு சமையலறை. சுவரில் ஒரு காலண்டர் தவிர ஒன்றுமில்லை. ஒரே ஒரு நாற்காலி பழசு, அதன் பக்கத்தில் பாலிதீன் உறைகூடப் பிரிக்காத புது நாற்காலி. அக்கா அதில் உட்கார்ந்து, “எதுக்குடா இவ்வளவு செலவு?” என்று அதட்டிக்கொண்டே கண்ணாடிக்கு முகத்தைக் கொடுத்துப் பார்த்தார். எனக்குத் தேநீர் தந்த தம்ளரும் புதுசு. லிஃப்ட்காரர் வாய் காதுவரை போயிருந்தது.

அதன் பிறகு அவர் நான் பார்த்த பழைய லிஃப்ட்காரரே இல்லை. தினமும் கடையில் ஒரு எட்டு நின்றுவிட்டுத்தான் போவார். நானும் ‘சார்’ என்பதை விட்டு ‘அண்ணே’ என்று கூப்பிட ஆரம்பித்திருந்தேன். “அக்கா நாற்காலியை இழுத்தாலே கீஹோல் ரெண்டும் ஓடி வருதும்மா, நான் போனா வர்றதில்ல” என்று குறைபோலப் பெருமையடிப்பார். “உங்க முகத்தை லிஃப்ட்லயே யாரும் பார்க்கறதில்ல, மீன் பார்க்குமா?” என்பேன். அதற்கும் சிரிப்பார். சீக்கிரம் வீட்டுக்குப் போகிற அவசரத்தில் ஒருநாள் கருவிப் பையையே என் கடையில் விட்டுவிட்டுப் போய்விட்டார்.

சில மாதம் இப்படியே போயிற்று. ஒருநாள் காலையில், கடை திறந்த கையோடு அடித்துப் பிடித்து ஓடி வந்தார்.

“ஏம்மா, கொலை விழுந்துடும் போல இருக்கு. வந்து அந்த ரெண்டையும் எடுத்துட்டுப் போயிடு. அக்காவுக்கு இந்தச் சண்டையெல்லாம் ஆகாது.”

வலையும் வாளியுமாகப் போனேன். நான் நினைத்தபடியேதான். தட்டைக் கல்லில் பொடிப்பொடியாக முட்டை. ஒரு கீஹோல் துடுப்பால் விசிறிக்கொண்டு நிற்கிறது, மற்றொன்று காவல். ராம் மீன் வால் கிழிந்து ஃபில்டருக்குப் பின்னால் ஒடுங்கிக் கிடந்தது. டெட்ராக்கள் மொத்தமும் மேல் மூலையில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. அந்தச் சாது, அந்த அப்பாவி, என் வலைக்கம்பியையே வந்து கடித்தது.

அக்கா நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

“விடும்மா” என்றார். “வலையை எடு.”

“ஒண்ணும் ஆகாதும்மா, நான் பிடிச்சிட்டுப் போயிடறேன். உங்களுக்கு இந்தத் தொல்லை வேண்டாம்.”

“அதுங்க கெட்டதுங்க இல்ல. நேத்துவரைக்கும் என் கையைப் பார்த்து வந்ததுங்கதானே? இன்னைக்குக் கையை வெச்சா கடிக்குது. குஞ்சு வரப்போகுதுன்னு பயம். பயந்தா யாரையும் தெரியாது.”

மேல் மூலையில் ஒண்டியிருந்த மீன்களையும் கல்லைச் சுற்றிவந்த மீனையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவர் கண் கலங்கியது.

“வார்டுல எத்தனை பொண்ணுங்களைப் பார்த்திருக்கேன். முதல் குழந்தை, ராத்தூக்கம் கிடையாது, தாயையே நம்பாதுங்க. ‘விடுங்க, நாள்பட சரியாயிடும்’னு அவங்க மாமியாருங்களுக்கு நான்தான் சொல்லுவேன். என் வீட்டுல வந்தப்ப எனக்கு அது புத்தியில ஏறல பாரு. அந்தப் பொண்ணை என்னென்ன பேச்சு பேசிட்டேன்.” தம்பி பக்கம் திரும்பினார். “போனை எடுடா.”

அவர் எடுத்துக் கொடுத்தார். முகம் சுண்டிப்போயிருந்தது. எனக்கு அங்கே நிற்கப் பிடிக்கவில்லை, காலி வாளியைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

அந்த வாரமே அக்கா கிளம்பினார். மகன் கார் எடுத்துக்கொண்டு வந்து, “மாமா, நீங்களும் வந்து போய்க்கிட்டு இருங்க” என்று மரியாதையாகத்தான் சொன்னான். பெட்டியை இவர்தான் மூன்று மாடியும் தூக்கி வந்தார். கார் என் கடை வாசலில் நின்றபோது அக்கா தலையை நீட்டி, “அதுங்களைப் பிரிச்சிடாதேம்மா” என்றார். கார் போன பிறகும் இவர் அங்கேயே நின்றார். உள்ளே வாங்கண்ணே என்று கூப்பிட்டேன். காதில் விழாதவர்போல நடந்துபோய்விட்டார்.

குஞ்சுகள் தங்கவில்லை. முதல் ஈற்றில் பெரும்பாலும் அப்படித்தான், பெற்றதுகளே தின்றுவிடும். ஜோடி அடுத்த முட்டைக்குக் கல்லைத் துடைக்க ஆரம்பித்ததும் அவர் ஒன்றைப் பையில் பிடித்துக்கொண்டு வந்து என் மேஜைமேல் வைத்தார். அவ்வளவு கோபத்தில் நான் அவரைப் பார்த்ததில்லை.

“இதை நீயே வெச்சுக்கோ. ஒத்தையா இருந்தா அமைதியா இருக்கும்னு சொன்னேல்ல? இருக்கட்டும்.”

“மீன் என்னண்ணே பண்ணும்?”

“தெரியுதும்மா. அக்கா போனது சரிதான், பேரன் இருக்கான், வேண்டாம்னு நான் சொல்ல முடியுமா?” குரல் உடைந்தது. “எனக்குப் பழக்கம் விட்டுப்போச்சும்மா. முன்னாடி பூட்டைத் திறந்து உள்ள போவேன், ஒண்ணும் தோணாது. இப்ப கதவைத் திறந்துட்டு நிக்கறேன். யாரும் எதுவும் கேக்கறதில்ல.”

பையை வாங்கித் தனித் தொட்டியில் விட்டேன்.

மறுபடி பழைய லிஃப்ட்காரர் ஆகிவிட்டார். வாசல் வழியாகப் போவார், வருவார், உள்ளே வரமாட்டார். நானாகக் கூப்பிட்டு விசாரித்தால் தொட்டி அமைதியாக இருக்கிறது என்பார். ராமுக்கு வால் வளர்ந்துவிட்டது, டெட்ராக்கள் தொட்டி முழுக்கத் திரிகின்றன. அக்கா அவ்வப்போது போன் செய்து மீன் எப்படி இருக்கிறது என்று கேட்பாராம். ரெண்டும் நல்லா இருக்கு என்று சொல்லிவிடுவாராம்.

ஒரு மழை நாளில் குடையை மடக்கிக்கொண்டு தானாகவே உள்ளே வந்தார்.

“ஏம்மா, அந்தக் கீஹோல் சாப்பிட மாட்டேங்குது. கறுத்துப்போய் மூலையிலயே நிக்குது. நாற்காலியில போய் உட்கார்ந்தாலும் வர்றதில்ல. மருந்து ஏதாவது இருக்கா?”

மருந்து அலமாரி என் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது. பூஞ்சைக்கு, வெள்ளைப் புள்ளிக்கு, வால் அழுகலுக்கு எல்லாம் தனித்தனி பாட்டில். நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை. அவர் கொண்டுவந்து வைத்துப்போன மீன் எதிர்த் தொட்டியில், அதே கறுப்போடு, அதேபோல ஒரு மூலையில் நின்றுகொண்டிருந்தது. அதை நான் விற்கவில்லை. வலையை எடுத்துப் பிடித்துப் பையில் விட்டு, காற்றடைத்து, ரப்பர் சுற்றி நீட்டினேன்.

“கொண்டுபோய் விட்டா மறுபடி முட்டை போடும்ணே. மறுபடி சண்டை போடும்” என்றேன். “தெரியும்ல?”

“போடட்டும்மா” என்றார்.

பையைச் சட்டைக்குள் நெஞ்சோடு அணைத்து வைத்துக்கொண்டு, குடையை விரித்து, மழைக்குள் இறங்கிப் போனார்.